அறுபது இருக்கைகள்

காலை பத்து மணிக்கு மூன்றாம் ஆண்டு வணிகவியல் மாணவர்கள் பகிர்வறைக்குள் வந்து அமர்ந்தார்கள். பியூலா மேசையில் விரல்ரேகை பதித்துப் பாடத்தைத் தொடங்கினாள். பலகையில் முதல் கணக்கை எழுதி முடிப்பதற்குள் அறையின் வெப்பம் நாற்பத்திரண்டு டிகிரியைத் தொட்டது. யாரும் முனகவில்லை. மூன்று வருடப் பழக்கம்.

கல்லூரியிலிருந்து பன்னிரண்டு கிலோமீட்டர் தள்ளி, உப்பளத்து வரப்புகளில் அறுபது குளிர்க்கூடுகள் நின்றன. ஒவ்வொன்றும் பகிர்வறையின் ஓர் இருக்கையோடு மண்ணுக்கடியில் ஓடும் வெப்பநாளத்தால் இணைக்கப்பட்டிருந்தது. கம்பி மின்சாரத்தைக் கடத்துவதுபோல் நாளம் வெப்பத்தைக் கடத்தும். கூட்டின் வெயில் இருக்கைக்கு வரும், அறையின் குளிர்ச்சி கூட்டுக்குப் போகும். உப்பு வாருகிறவர்கள் முறைபோட்டுக் கூட்டுக்குள் வந்து பத்து நிமிடம் உட்கார்ந்துவிட்டுப் போவார்கள்.

இதை வடிவமைத்தவர்கள் ஒரு நிபந்தனை வைத்திருந்தார்கள். இருக்கையில் ஆள் இருந்து, பாடமும் நடந்தால்தான் நாளம் திறக்கும். காலி அறையில் வெயிலைக் கொட்டுவது வெறும் கழிவகற்றல், மனிதர் வாங்கிக்கொண்டால்தான் அது கல்வி என்பது அவர்கள் வாதம்.

எல்லாத் துறைகளுக்கும் அந்த அறையில் முறை உண்டு. தினமும் நான்கு மணி நேரம். வரலாற்று வகுப்பு நிலக்கரியை எரித்தவர்கள் யார், வெயிலில் நிற்பவர்கள் யார் என்று கேட்டது. தமிழ்த்துறையினர் வியர்த்து ஒழுகப் பாலைத்திணைப் பாடல்களைப் படித்தார்கள். புள்ளியியல் விரிவுரையாளரான பியூலா, அளத்தில் மயங்கி விழுந்தவர்களின் பதிவேட்டையே பாடமாக்கியிருந்தாள். கூடுகள் வருவதற்கு முன் ஒரு பருவத்தில் இருநூற்றுப் பன்னிரண்டு பேர். வந்த பின் முப்பத்தொன்று.

பங்குனி கடைசியில் கல்லூரி ஆட்சிக்குழு ஓர் அறிவிப்பு வெளியிட்டது. பெற்றோர் புகார் காரணமாகப் பகிர்வு நேரம் நான்கிலிருந்து இரண்டு மணி நேரமாகக் குறைக்கப்படுகிறது. மாணவர் மன்றத் தலைவி முத்துநகை அதை ஒருமுறை படித்துவிட்டு மடித்து வைத்தாள். மறுநாள் ஒருவரும் பகிர்வறைக்குள் போகவில்லை. தொள்ளாயிரம் பேரும் புங்கமரங்களின் அடியில் உட்கார்ந்துவிட்டார்கள். ‘அளத்து மக்களின் நிழலைக் குறைக்காதே’ என்று துணியில் எழுதிக் கட்டியிருந்தார்கள்.

பன்னிரண்டு மணிக்குப் பியூலாவின் தொலைபேசி ஒலித்தது. அளத்தில் உப்பு வாரும் சந்தனமாரி பேசினாள். பதிவேட்டுக்கு விவரம் தருகிறவள் அவள்தான்.

“டீச்சர், கூடெல்லாம் அனலாக் கெடக்கு. இன்னைக்கு லீவா?”

“லீவு இல்ல சந்தனமாரி. பிள்ளைங்க போராட்டம் பண்ணுதாங்க. உங்களுக்காகத்தான்.”

“நாலு பேரு விழுந்துட்டாங்க டீச்சர். ஆஸ்பத்திரிக்கு வண்டி போயிருக்கு.”

பியூலா மரத்தடிக்குப் போய் முத்துநகையைத் தனியே அழைத்தாள். முத்துநகை செய்தியைக் கேட்டுத் தலைகுனிந்தாள். ஆனால் பதில் தயாராக இருந்தது.

“கணக்குப் போட்டுட்டோம் மேடம். ஒரு நாளைக்கு நாலு பேர். ஒரு வாரம் நின்னாலும் இருபத்தெட்டுப் பேர். தோத்துட்டோம்னா வருஷா வருஷம் கூடுதலா தொண்ணூறு பேர் விழுவாங்க. நீங்க சொல்லிக்குடுத்த முறைதான்.”

பியூலா அந்தக் கணக்கில் பிழை தேடினாள். இல்லை. தேர்வில் எழுதியிருந்தால் முழு மதிப்பெண் கொடுத்திருப்பாள். அதுதான் அவளைத் தொந்தரவு செய்தது.

“அந்த இருபத்தெட்டுப் பேர்ட்ட கேட்டியா?”

“அது யாருன்னு முன்கூட்டியே தெரியாதே மேடம்.”

இரண்டாம் நாள் பியூலா பகிர்வறைக்குள் தனியே போனாள். விரல்ரேகை பதித்துவிட்டு முதல் இருக்கையில் உட்கார்ந்து, காலி பெஞ்சுகளைப் பார்த்துப் பாடம் நடத்தினாள். அளத்தில் ஒரு கூடு மட்டும் குளிர்ந்தது. அதற்குள் நுழையத் தள்ளுமுள்ளு ஆனதாக மாலையில் சந்தனமாரி சொன்னாள். “ஒத்தக் கூட்டுக்கு இருநூறு பேரு. அது இல்லாமயே இருந்திருக்கலாம் டீச்சர்” என்றாள்.

பியூலா தயங்கிவிட்டு, நாளம் திறக்க என்னென்ன வேண்டும் என்பதை அவளுக்கு விளக்கினாள்.

“மாணவர்தான் உக்காரணும்னு இருக்கா?”

“ஆள்னுதான் இருக்கு.”

மூன்றாம் நாள் காலை உப்பு லாரி ஒன்று கல்லூரி வாசலில் நின்றது. அறுபது பேர் இறங்கினார்கள். தலைத்துணியை அவிழ்த்து முகம் துடைத்துக்கொண்டு, மரத்தடியில் இருந்தவர்களைத் தாண்டிப் பகிர்வறைக்குள் போய் அமர்ந்தார்கள். பியூலா விரலைப் பதித்தாள். அறுபது கூடுகளும் குளிர்ந்தன.

வெப்பம் ஏறியதும் சந்தனமாரி கையை விரித்துப் பார்த்துக்கொண்டாள். “அங்க நின்னு வாங்குற வெயில இங்க உக்காந்து வாங்குதோம். பரவால்ல” என்றாள். பியூலா சராசரி என்றால் என்ன என்று சொல்ல ஆரம்பித்தாள். இரண்டு மணி நேரத்தில் ஆள் மாறினார்கள். அன்று அளத்தில் யாரும் விழவில்லை. மாணவர்கள் ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டு நின்றார்கள். உள்ளே போகலாமா என்று சிலர் கேட்டார்கள். போராட்டம் முடியட்டும் என்றாள் முத்துநகை.

அது மறுநாளே முடிந்தது. ஆட்சிக்குழுவின் புதிய அறிவிப்பு ஒலிபெருக்கியில் வாசிக்கப்பட்டது. பகிர்வு நேரம் நான்கு மணி நேரமாகவே தொடரும். மரத்தடியில் கைதட்டல் எழுந்தது. இரண்டாவது வரி பாதி காதில்தான் விழுந்தது. மூன்றாம் நாள் அனுபவத்தின்படி இருக்கைகளை இனி அளத்துத் தொழிலாளர்களே சுழற்சி முறையில் நிரப்புவார்கள். மாணவர்கள் காலநிலை நீதியை வழக்கமான, குளிரூட்டப்பட்ட வகுப்பறைகளில் பாடநூல் வழியே பயில்வார்கள். தங்கள் ஒரே கோரிக்கை முழுதாக நிறைவேறிவிட்டதால் மன்றத்தால் எதிர்த்து எழுத முடியவில்லை.

பியூலா மட்டும் தினமும் ஒரு மணி நேரம் பகிர்வறையில் நேரில் பாடம் நடத்தினாள். மற்ற நேரம் பதிவுசெய்த பாடம் ஓடியது. சந்தனமாரி இரண்டு வாரத்தில் பதிவேட்டைத் தானே வரைபடமாகப் போடக் கற்றுக்கொண்டாள்.

சித்திரை நடுவில் ஒருநாள் முத்துநகை பகிர்வறையின் கதவைத் தட்டினாள். சந்தனமாரி திறந்தாள்.

“நீங்க வெளிய வாங்கக்கா. நான் உக்காருதேன்.”

சந்தனமாரி கதவைப் பிடித்தபடி அவளைப் பார்த்தாள். கோபமெல்லாம் இல்லை.

“எத்தன நாளைக்கும்மா?”

பத்து நாளில் இறுதித் தேர்வு, அதன் பிறகு முத்துநகை ஊருக்குப் போய்விடுவாள்.

“என் இருக்கை காலியா கெடந்தா கூடு சூடாயிரும்” என்றாள் சந்தனமாரி. மெதுவாகச் சாத்தினாள்.