ஜாக்கியில் நின்ற வண்டி

முன்சக்கரத்தைக் கழற்றிச் சுவரோரம் சாய்த்தாகிவிட்டது. கார் ஜாக்கியின் மேல் அசையாமல் நின்றது. அப்படியிருந்தும் பிரபா மிதித்ததும் பிரேக் கீச்சென்று கத்தியது.

ஓடுகிற வண்டியில் கத்தினால் அது நியாயம். வெண்ணந்தூர்ச் சாலையில் வேகத்தடைக்கு வேகத்தடை அது கத்தி, டீக்கடையில் இருப்பவர்களெல்லாம் திரும்பிப் பார்த்துச் சிரித்ததால்தானே இந்த வேலையே. ஆனால் சுற்றாமல் நிற்கிற வண்டியில் எது எதன் மேல் உரசும்? டிரைவர் சீட்டில் இருந்தபடி காதைக் கொடுத்துக் கேட்டாள். பக்கத்து வீட்டு மதியழகனின் கூடத்தில் விசைத்தறிகள் போட்ட போட்டில் வேறொன்றும் கேட்கவில்லை.

அவள் புருஷன் ஜெயபிரகாஷ் ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டியில் வேலை பார்ப்பவன். வருஷத்தில் பெரும்பகுதி வடக்கே எங்கெங்கோ போர் போட்டுவிட்டு, மழைக்காலத்தில்தான் பெண்டாட்டி முகத்தைப் பார்க்க வருவான். “பாறையத் தொளைக்கறவனுக்கு இந்த பிரேக்கு ஒரு விசயமா?” என்று செல்போனில் நாலு வீடியோவைப் பார்த்துவிட்டு, வீட்டுக்கும் தறிக்கூடத்துக்கும் நடுவில் இருந்த சந்தில் காரை நிறுத்தி வேலையை ஆரம்பித்துவிட்டான். பிரபாவுக்கு அவன் மேல் கொள்ளை ஆசை. ஊரில் இருக்கிற கொஞ்ச நாளில் அவன் சொல்லைத் தட்ட அவளுக்கு மனசே வராது.

பிரேக் பேடுகளைக் கழற்றி உப்புத்தாளில் தேய்த்து வைத்திருந்தான். அவற்றைத் தள்ளுகிற பிஸ்டன் சிக்காமல் நகர்கிறதா என்று பார்க்க இரண்டு ஆள் வேண்டும். ஒருவர் உள்ளே உட்கார்ந்து பிரேக்கை மிதிக்க வேண்டும், ஒருவர் கீழே பார்க்க வேண்டும்.

“மிதின்னா மிதி, விடுன்னா விடு. மத்தபடி சீட்ட உட்டு அசையக்கூடாது புள்ள. ஜாக்கி சாஞ்சுதுன்னா அடியில நாந்தான் இருப்பேன்.”

“ஏனுங்க, பயமா இருக்குதுங்க. மெக்கானிக்கையே கூப்புட்டுக்கலாமுங்க.”

“சும்மா உக்காரு,” என்று சிரித்துக்கொண்டே காரைச் சுற்றிக்கொண்டு இடப்பக்கம் போனான். பானெட்டைத் தூக்கி வைத்திருந்ததால் முன்கண்ணாடியில் அந்தத் தகரம்தான் தெரிந்தது. இடப்பக்கம் தறிக்கூடத்துச் சுவர். அதற்கப்புறம் அவளுக்கு அவன் வெறும் குரல்தான்.

தறிச் சத்தத்துக்கு மேல் தொண்டை கிழியக் கத்தினான். “மிதீ!” மிதித்தாள். “விடூ!” விட்டாள். ஜன்னல் வழியே நூலுக்குப் போடும் கஞ்சியின் புளித்த வாடையும் பிரேக் ஆயில் வாடையும் கலந்து வந்துகொண்டிருந்தன. பொழுது இறங்கி, சந்துக்குள் இருட்டுக் கட்ட ஆரம்பித்திருந்தது. “அழுக்கு அப்பிக் கெடக்குது! கைய உட்டுத் தொடைக்கறேன், சொல்ற வரைக்கும் மிதிக்காத!” என்று கத்தினான்.

கொஞ்ச நேரம் கழித்து, “மிதி,” என்றான்.

மிதித்தாள். அப்போதுதான் அந்தக் கீச்சுச் சத்தம்.

“ஏனுங்க, என்ன சத்தமுங்க அது?”

“மிதி.”

இந்த முறை அவன் கத்தவில்லை. தலையணையில் பக்கத்தில் படுத்துக்கொண்டு பேசுகிற மாதிரி மெதுவாகத்தான் சொன்னான். அத்தனை தறிகளின் இரைச்சலிலும் அது எப்படி இவ்வளவு சுத்தமாகக் காதில் விழுகிறது என்று அவளுக்கு ஒரு கணம் தோன்றியது. ஆனாலும் மிதித்தாள்.

கீச்.

“பலமா மிதி புள்ள. குழித்தறியில மிதிச்ச காலுதானே? உன்ற பலம் இவ்வளவுதானா?”

அவன் கேலி செய்தால் அவளுக்கு ரோஷம் வந்துவிடும். முதுகைச் சீட்டில் முட்டுக்கொடுத்து அழுத்தினாள். பெடல் கட்டைவிரல் அளவு இறங்கியது. எதையோ நசுக்கிக்கொண்டு இறங்குகிற மாதிரி இருந்தது. கீச்சொலி நீண்டது, உடைந்தது, மறுபடி எழுந்தது. வெளியே இடப்பக்கத் தகரத்தில் ஏதோ மடார் மடார் என்று மோதியது. கார் குலுங்கியது.

“வண்டி ஆடுதுங்க! ஜாக்கி நகருதுங்க!”

“ஆடாது. நீ எறங்குனாத்தான் ஆடும். மிதி.”

அவன் வண்டிக்கு அடியில் நசுங்கிக் கிடக்கிற காட்சி அவள் கண்ணுக்குள் வந்துவிட்டது. அசையாமல் உட்கார்ந்து மிதித்துக்கொண்டே இருந்தாள். வியர்வை கண்ணில் இறங்கியது. விடு என்று அவன் வெகுநேரமாகச் சொல்லவேயில்லை என்பது அப்புறம்தான் உறைத்தது.

“உட்டுரட்டுங்களா?”

“மிதி.”

கரண்ட் போனது.

தறிகள் ஒவ்வொன்றாகத் தடுமாறி நின்றன. கடைசித் தறியும் நின்றது. சந்து இருண்டது. இதுவரை இரைச்சல் மூடி வைத்திருந்த சத்தம் வெளியே வந்தது.

அது இரும்பின் சத்தம் இல்லை.

“காலெடு... பிரபா, காலெடு சாமி... கையி உள்ள இருக்குது... எத்தன நேரமாக் கத்தறேன்...”

சக்கரத்துப் பக்கமிருந்து வந்தது. ஜெயபிரகாஷின் குரல். கத்திக் கத்திக் கிழிந்த குரல். தகரத்தில் மோதியது அவனுடைய இன்னொரு கை என்று இப்போது புரிந்தது. இவ்வளவு நேரம் அவள்தான். அவளுடைய கால்தான். ஐயோ என்று வாய்விட்டுக் கதறி, காலை வெடுக்கென்று எடுத்தாள்.

பெடல் மேலே வரவில்லை.

“மிதி,” என்றது ஜெயபிரகாஷின் குரல். அவளுக்குப் பின்சீட்டிலிருந்து. மெதுவாக. மூச்சில்லாமல்.

அவள் திரும்பவில்லை. திரும்ப முடியவில்லை. கதவைத் திறந்து ஒரு காலை வெளியே வைத்தாள். கார் முனகிக்கொண்டு இடப்பக்கம் சாய்ந்தது.

“எறங்காத! சாயுது! எறங்காத புள்ள!”

சொன்னது எந்தக் குரல்? கீழே கிடப்பவனா? பின்னால் இருப்பதா? இரண்டும் ஒரே குரல். இறங்கினால் அவன் சாவான். இறங்காவிட்டால்?

காலை உள்ளே இழுத்துக்கொண்டாள்.

“நான் மிதிக்கலீங்க,” என்று அழுதாள். “சத்தியமா மிதிக்கலீங்க மாமா.” இரண்டு கால்களையும் சீட்டின் மேல் தூக்கி, முழங்காலைக் கட்டிப் பிடித்துக்கொண்டாள்.

வெளியே அழுகை. விக்கல். பிறகு கெஞ்சல். பின்சீட்டில் அதே மெதுவான குரல்.

“மிதி.”

கீழே, கால் வைக்கும் இடத்து இருட்டில், யார் காலும் இல்லாமல் பெடல் மெல்ல மெல்ல அடிவரைக்கும் இறங்கியது.