இடப்பக்கம் சிமிட்டும் விளக்கு

ஜாசின் பட்டணத்துக்கு அப்பாலுள்ள அந்தச் செம்பனைத் தோட்டத்துக் கொட்டகைக்குப் புதிய டிரெய்லர் வந்து சேர்ந்தபோது வெயில் தாழ்ந்திருந்தது. அதன் பின்புறத்தில் இரண்டு சிவப்பு விளக்குகளும், ஒளி பட்டால் மின்னும் இரண்டு முக்கோணங்களும், மெதுவாகச் செல்லும் வண்டி என்று அறிவிக்கும் பலகையும் பொருத்தப்பட்டிருந்தன. விளக்கில்லாத பண்ணை வண்டி இனிமேல் பொதுச்சாலையில் ஏறக்கூடாது என்று அதிகாரிகள் கண்டித்த பிறகே முதலாளி அதை வாங்கினார். டிராக்டர் ஓட்டும் காந்தன் விளக்குகளை ஏற்றிப் பார்த்தார். இரண்டும் பளிச்சென்று எரிந்தன.

ஆறு மாதங்களுக்கு முன்பே அவை எரிந்திருந்தால், அவருடைய மனைவி ஜானகி உயிரோடு இருந்திருப்பாள்.

பழைய டிரெய்லருக்குப் பின்விளக்கே கிடையாது. ஆனால் வெட்டிய குலைகளை, லாரிகள் வந்து ஏற்றிச்செல்லும் பழமேடையில் கொண்டுபோய்க் கொட்டுவதற்குப் பொதுச்சாலையில் சற்றுத் தூரம் ஊர்ந்தே ஆக வேண்டும். மழைக்காலத்தில் சுமை ஏற்றி முடிப்பதற்குள் பொழுது சாய்ந்துவிடும். ஆகவே, ஜானகி தன் மோட்டார் சைக்கிளில் டிரெய்லருக்குப் பின்னால் வருவாள். அவள்தான் அந்த வண்டியின் பின்விளக்கு.

அந்த மோட்டாரில் வலப்பக்கச் சிக்னல் உடைந்துபோயிருந்தது. ஆதலால் இடப்பக்கத்து மஞ்சள் விளக்கை மட்டும் சிமிட்ட விட்டபடி வருவாள். அதுவும் ஒழுங்காகச் சிமிட்டாது. மூன்று முறை விரைந்து சிமிட்டும். பிறகு மூச்சு வாங்குவதுபோல ஒரு கணம் நின்றுவிடும். குலை லாரி ஓட்டும் நிவேந்திரன் சாலையோர ஒட்டுக்கடையில் அவளைக் காணும்போதெல்லாம், இடது பக்கம் திரும்புகிறேன் என்று ஊருக்கெல்லாம் சொல்லிவிட்டு அக்கா நேராகவே போகிறாரே என்று கேலி செய்வான்.

“திரும்புற இடம் வந்தா திரும்புவேன், தம்பி. ஒனக்கு என்னாலா அவசரம்?” என்பாள் ஜானகி.

மேடையின் வாயிலை அடைந்ததும் காந்தன் இருமுறை ஹாரன் அடிப்பார். ‘நான் சேர்ந்துவிட்டேன், நீ வீட்டுக்குப் போ’ என்பது அதன் பொருள். ஜானகி ஒருமுறை அடித்துப் பதில் சொல்லிவிட்டு மோட்டாரைத் திருப்புவாள். காந்தன் வீட்டுக்குள் காலெடுத்து வைக்கும்போது, அடுப்படியில் அவள் தேநீருக்கு இஞ்சி தட்டும் ஓசை கேட்கும்.

அந்த மாலையில் வானமே உடைந்ததுபோல மழை கொட்டியது. மேடைக்குச் சற்று முன்னாலுள்ள வளைவில், பின்னால் வந்த ஒரு லாரி அவளை அடித்துத் தள்ளியது. எஞ்சினின் இரைச்சலிலும் மழையின் இரைச்சலிலும் காந்தனுக்கு ஒன்றுமே கேட்கவில்லை. மேடையருகே பின்காட்டும் கண்ணாடியைப் பார்த்தார். இருட்டாக இருந்தது. மழைக்குப் பயந்து முன்னதாகவே திரும்பிவிட்டாள் போலும் என்று எண்ணிக்கொண்டார்.

அன்றைக்கு அவர் ஹாரன் அடிக்கவில்லை.

புதிய டிரெய்லரை இழுத்துக்கொண்டு அவர் முதன்முதலாகச் சாலையில் ஏறிய மாலையில், காற்றில் ஈர மண்ணும் அழுகிய செம்பனைப் பழமும் கலந்து மணத்தன. வளைவில் புதிதாக ஒரு மஞ்சள் பலகை நின்றது. அதில் டிராக்டரின் படமும், அதற்குக் கீழே ‘அவாஸ்’ என்னும் எச்சரிக்கையும் இருந்தன. அந்தப் பலகையைக் கடந்தபோது காந்தனின் பார்வை தற்செயலாகக் கண்ணாடியில் விழுந்தது.

டிரெய்லரின் சிவப்பு ஒளிக்குப் பின்னால் ஒரு மஞ்சள் புள்ளி தெரிந்தது.

மூன்று முறை சிமிட்டியது.

நின்றது.

காந்தன் வண்டியை நிறுத்தவில்லை. அந்த ஒளி நெருங்கவும் இல்லை, விலகவும் இல்லை. அவள் எப்போதும் வரும் தொலைவிலேயே வந்தது. மேடையின் வாயிலில் அவருடைய கட்டை விரல் ஹாரனைத் தொட்டது. அடித்தால் அவள் போய்விடுவாள்.

விரலை எடுத்துக்கொண்டார்.

அதன் பிறகு, காந்தன் வேண்டுமென்றே பொழுது சாயும்வரை காத்திருந்து வண்டியை எடுக்கத் தொடங்கினார். பட்டப்பகலில் முடியக்கூடிய வேலையையும் இழுத்தடித்தார். சாலையில் இருக்கும் அந்தச் சிறிது நேரத்துக்காகவே நாள் முழுவதும் உயிரோடு இருப்பதுபோல அவருக்குத் தோன்றியது. கண்ணாடியைப் பார்த்துப் பார்த்து, வீட்டில் நடந்தவற்றையெல்லாம் முணுமுணுத்துக்கொண்டே ஓட்டுவார்.

ஒருநாள் நிவேந்திரன் ஒட்டுக்கடையில் அவரருகே வந்து அமர்ந்தான். அவன் முகத்தில் கேலி இல்லை.

“அண்ணே, ஒங்க பின்னால வர்றது யாரு? மின்னுற வெஸ்டாவது போடச் சொல்லுங்க. நான் பெரிய லைட்ட அடிச்சேன். சிக்னல் மட்டுந்தான் தெரிஞ்சிச்சு. ஆளத் தெரியல.” அவன் குரலைத் தாழ்த்திக்கொண்டான். “ஒடிச்சுத் திருப்புனதுல லாரி பாரிட்டுப் பள்ளத்துல எறங்கப் பாத்துச்சு.”

காந்தன் யாருமில்லை என்று சொல்லிவிட்டு எழுந்து போனார்.

அவருடைய ஒரே மகள் தேவிஸ்ரீ ஜாசினில் ஒரு மருந்துக்கடையில் வேலை செய்தாள். அவளும் அதே சாலையில்தான் மோட்டாரில் வீடு திரும்புவாள். அன்று இரவு சோற்றைப் பிசைந்தபடியே, தட்டிலிருந்து கண்ணெடுக்காமல் அவள் பேசினாள்.

“நேத்து ஒங்க டிரெய்லருக்குப் பின்னால பாத்தேம்பா. மூணு தடவ சிமிட்டி நிக்குது.”

“அது கிட்டப் போவாத.”

“நாளைக்கிப் போவேன். பக்கத்துல போயி மொகத்தப் பாக்கணும்.”

“அங்கதாண்டி ஒங்கம்மாவ அடிச்சிச்சு.”

“நீங்க மட்டும் தெனமும் பாக்குறீங்கல்ல?”

காந்தன் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

மறுநாள் அவர் வெளிச்சம் இருக்கும்போதே புறப்பட்டுவிட வேண்டும் என்று உறுதி பூண்டார். ஆனால் அன்று பார்த்து மழை பிடித்துக்கொண்டது. சக்கரம் சேற்றில் புதைந்தது. பலகைகளைக் கொடுத்து வண்டியை மேலேற்றுவதற்குள் தோட்டத்தில் இருள் இறங்கிவிட்டது. சாலையை அடைந்தபோது கண்ணாடியில் நீர் வழிந்துகொண்டிருந்தது.

நீருக்குள் மஞ்சள் ஒளி சிமிட்டியது.

அதன் பின்னால் ஒரு வெள்ளை ஒளி வந்தது. தேவிஸ்ரீயின் மோட்டார். அது மஞ்சள் ஒளியை எட்டிப் பிடித்து, அதன் வலப்பக்கமாக, சாலையின் நடுவுக்கே ஒதுங்கி, இணையாக ஓடத் தொடங்கியது.

அதற்கும் பின்னால், உயரத்தில், இரண்டு பெரிய விளக்குகள் எழுந்தன.

லாரி.

மழை அறைந்தது. வளைவு நெருங்கியது. மேடை இன்னும் வரவில்லை. காந்தன் கண்ணாடியில் அந்த மஞ்சள் புள்ளியைக் கடைசியாக ஒருமுறை பார்த்தார்.

“போம்மா. நீ வீட்டுக்குப் போ,” என்றார்.

இருமுறை ஹாரன் அடித்தார்.

ஒரு கணம் மழையோசை மட்டுமே இருந்தது. பிறகு பின்னாலிருந்து, ஒரே ஒருமுறை, மெல்லிய ஹாரன் பதில் சொன்னது.

மஞ்சள் ஒளி அணைந்தது.

பக்கத்தில் எவருமில்லாமல் போன வெள்ளை ஒளி தடுமாறியது; வேகம் குறைந்தது; இடப்பக்கம் ஒதுங்கிப் புல்லில் நின்றது. லாரி நீரை வாரியிறைத்துக்கொண்டு அதைக் கடந்து, டிரெய்லரின் சிவப்பு விளக்குகளைக் கண்டு விலகி, இருளில் மறைந்தது.

காந்தன் வண்டியை நிறுத்திவிட்டு ஓடினார். தேவிஸ்ரீ முழுமையாக நனைந்திருந்தாள்.

“தலயத் திருப்புனாங்கப்பா. இன்னுங் கொஞ்சத்துல மொகம் தெரிஞ்சிருக்கும். ஏம்ப்பா அனுப்பிட்டீங்க?”

அவர் மகளின் தலையைத் தம் மார்போடு சேர்த்து அணைத்துக்கொண்டார். இருவரும் மழையில் நின்று, இழவு வீட்டில்கூட அழாத அழுகையை அழுதார்கள். மேடையில் சுமையை இறக்கிய பின்னர், டிராக்டரை அங்கேயே விட்டுவிட்டு, மகளின் மோட்டாரிலேயே இருவரும் வீட்டுக்குத் திரும்பினர். வழியெல்லாம் காந்தன் திரும்பித் திரும்பிப் பார்த்தார். சாலை வெறுமையாக இருந்தது.

வீட்டுப் பக்கத்தில், பலா மரத்தடியில்தான் ஜானகியின் மோட்டார் கிடந்தது. காவல் நிலையத்திலிருந்து அது திரும்பி வந்த நாள்முதல், முன்சக்கரம் இல்லாத அந்த இரும்பை அவர் கித்தானால் மூடி வைத்திருந்தார்.

கித்தான் தரையில் கிடந்தது.

மழைத்துளிகள் புகைக்குழாயின்மீது விழுந்து, சுர்ரென்று ஆவியாயின. இடப்பக்கத்து மஞ்சள் விளக்கு மூன்று முறை சிமிட்டி நின்றது. தேவிஸ்ரீ தந்தையின் கையை இறுகப் பற்றினாள். அவர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, வீடு வந்து சேர்ந்தவள் சாவியைத் திருப்பியதுபோல, விளக்கு அணைந்தது.

பூட்டிய வீட்டின் அடுப்படியிலிருந்து இஞ்சி தட்டும் ஓசை கேட்டது.