இடப்பக்க மூலை

கலகெதரையில் தங்கை ஹபீலாவை ஏற்றியபோது காரின் பின் ஸ்பிரிங் மூன்று தரம் முனகியது. இரண்டு தரம்தான் முனகியிருக்க வேண்டும்.

நஸீம் திரும்பிப் பார்க்கவில்லை. மழை வழியும் முன்கண்ணாடியில் கண்ணை நட்டபடி சாரதி ஆசனத்தில் இருந்தான். அவனுக்குப் பின்னால் பச்சை வெல்வெட் திரை தொங்கியது. பெண்கள் ஏறும்போது ஆண்பிள்ளை முகத்தை நேரே வைத்திருக்க வேண்டும். உள்ளேயிருந்து முன் ஆசனத்தின் முதுகுப் பலகையில் ஒரு தட்டு விழுந்தால் புறப்பட வேண்டும், இரண்டு விழுந்தால் நிறுத்த வேண்டும். கட்டுகஸ்தோட்டையில் அவன் வாப்பா மஹ்மூத் முதலாளியின் வீட்டில் கார் வந்த நாள் முதல் இதுதான் சட்டம். பின்னால் யார் இருக்கிறார்கள் என்று தெரியாமலே கண்டி முழுவதும் கார் ஓட்டிய ஒரே குடும்பம் தங்களுடையது என்று நஸீம் காலேஜில் பெருமை பேசுவான்.

ஜன்னலுக்கு வெளியே ஹபீலாவின் புருஷன் முனாப் கம்பளியைப் போர்த்திக்கொண்டு நடுங்கினான். முப்பத்துநாலாம் வருடக் கடைசியில் அந்தப் பக்கத்தில் காய்ச்சல் இல்லாத வீடு கிடையாது.

"எத்தன பேர் மச்சான் ஏறின?"

"எங்கட உம்மாவும் ஹபீலாவும்தான். வேற யாரு ஈக்கிற? மத்த எல்லாரும் பாயில." முனாபின் பற்கள் அடித்துக்கொண்டன. "கெதியா போங்க. மாசம் நெறஞ்ச புள்ள. இந்தக் காய்ச்சல் எறங்கல்லண்டா ரெண்டு உசிரும் தங்காதுண்டு டொக்டர் செல்லிட்டார்."

பலகையில் ஒரு தட்டு விழுந்தது. நஸீம் கண்டி ஆஸ்பத்திரியை நினைத்துக்கொண்டு காரை எடுத்தான்.

ஸ்பிரிங்கைப் பற்றி அவன் தவறாகக் கணக்குப் போட வாய்ப்பில்லை. அந்தக் காரோடு வளர்ந்தவன். எந்தச் சாச்சி ஏறினால் எப்படி முனகும் என்பது அவனுக்குப் பாடம். மஹ்மூத் முதலாளியின் பிள்ளைகளில் தனி அறை கிடைத்தது காருக்கு மட்டும்தான். வெள்ளிக்கிழமைகளில் அவர் அதற்குச் சாம்பிராணி போட்ட புகையில் பாதிகூடப் பெற்ற பிள்ளைகளுக்குக் கிடைத்ததில்லை. பேராதனைப் பூந்தோட்டத்துக்குப் பிரியாணிச் சட்டியை மடியில் வைத்துக்கொண்டு போனதும், ஹபீலாவை மணப்பெண்ணாகக் கலகெதரைக்கு அனுப்பியதும் இதில்தான். இரண்டு வருடத்துக்கு முன் உம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனதும் இதில்தான். வாசலில் கதவைத் திறந்தபோது இடப்பக்க மூலையில் சாய்ந்தபடியே மூச்சு நின்று மவுத்தாகியிருந்தார்.

அதற்குப் பிறகு காரை விலைக்குக் கேட்டு வந்தவர்களுக்கு வாப்பா ஒரே பதில்தான் சொன்னார்: "புள்ளைகள்ட உம்மா இன்னும் எறங்கல்ல." கேட்டவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டு போவார்கள். வீட்டிலும் அந்த மூலையில் யாரும் உட்காருவதில்லை. தனியாக ஓட்டும் நாட்களில் நஸீம் அந்தப் பக்கத்தோடு பேசியிருக்கிறான். உயிரோடு இருந்த உம்மாவைவிட அந்த மூலை அவனோடு ஒத்துப்போனது. ஒருபோதும் எதிர்த்துப் பேசவில்லை.

மஃரிப் தொழுகைக்கு இன்னும் நேரமிருந்தும் ரப்பர் மரங்களுக்கு அடியில் இருட்டு வந்து உட்கார்ந்துவிட்டது. மழை கூரையில் அரிசி கொட்டுவதுபோல விழ, ஈர மண்ணும் பெற்றோலும் அழுகிய கொக்கோக் காயும் கலந்த வாடை வீச, ஒவ்வொரு வளைவிலும் விளக்கின் மஞ்சள் வெளிச்சம் மூடுபனியில் போய் முட்டி, அப்படியே கரைந்துபோனது.

"இவ்வளவு பெரிய காரு, கால் வெக்க எடமில்ல," என்று திரைக்குப் பின்னால் முணுமுணுத்தார் முனாபின் தாய் றலியா. "கட்டுகஸ்தோட்டை ஆக்கள்ட பெருமைக்கு மட்டும் எடம் ஈக்கி."

"ரெண்டு பேருக்குத் தாராளம் மாமி," என்றான் நஸீம்.

"மாமி, அந்தப் பக்கம் சாயாதீங்க." ஹபீலாவின் குரல் காய்ந்திருந்தது. "உம்மா ஈக்கிறா."

மாமி அவசரமாக நகர்ந்து உட்காரும் சத்தம் கேட்டது.

"காய்ச்சல்ல பொலம்புற," என்றார் மாமி. சொல்லிவிட்டு ஓத ஆரம்பித்தார். சத்தமாக. தேவைக்கு மேல் சத்தமாக.

நஸீமின் இடக்கை திரைவரை போய்த் திரும்பியது. திரையை ஒரு விரல் விலக்கினால் போதும். ஆனால் மாமி இருக்கிறார். தலைச்சேலை எந்த நிலையில் இருக்கிறதோ. பேய்க்குப் பயந்து மரியாதை கெட்டவன் என்று கலகெதரையில் பெயரெடுக்க அவன் தயாரில்லை. அந்தப் பெயர் பேயைவிட நீண்ட நாள் வாழும்.

பலகையில் இரண்டு தட்டு.

"நிப்பாட்டுங்க மகன், புள்ளைக்குச் சத்தி வருது!"

நிறுத்தினான். என்ஜினை அணைக்கவில்லை, அந்த மழையில் மறுபடி கைப்பிடி போட்டுச் சுற்றி உயிர்ப்பிப்பது நடக்காத காரியம். முகத்தை வலப்பக்க மேட்டுக்குத் திருப்பிக்கொண்டான். கதவு திறந்தது. ஸ்பிரிங் முனகியது. மறுபடி முனகியது. சரளைக் கல்லில் செருப்புச் சத்தம். ஹபீலா ஓங்கரித்தாள். மாமி அவளுக்கு ஏதோ சொன்னார். பிறகு மழை எல்லாவற்றையும் மூடிவிட்டது.

கதவு சாத்தப்பட்டது.

மெதுவாக. கைப்பிடியைத் திருப்பிப் பிடித்து, சத்தம் வராமல். அவர்கள் குடும்பத்தில் எல்லோரும் கதவை அறைந்தே சாத்துவார்கள். ஒருவரைத் தவிர.

மாமியும் அப்படித்தான் சாத்துவார்போல என்று நஸீம் நினைத்துக்கொண்டான். நினைத்துக்கொள்ள வேண்டியிருந்தது.

ஒரு தட்டு.

ஓட்டினான்.

"இப்ப எப்பிடி மாமி?"

பதிலுக்கு ஒரு தட்டு.

"ஹபீலா?"

ஒரு தட்டு. அவசரமில்லாத தட்டு.

ஓதல் நின்றிருந்தது. ஹபீலாவின் முனகலும் நின்றிருந்தது. கார் கனமில்லாமல் ஓடியது; வளைவுகளில் பின்புறம் வழுக்கியது. திரையிலிருந்து ஒரு சூடு வந்து கழுத்தில் பட்டது. அத்தர் மணம். அதற்கடியில் வேறொன்று. பச்சை இரத்தம்.

நஸீம் வேகத்தைக் கூட்டினான். கட்டுகஸ்தோட்டைப் பாலத்தின் விளக்குகள் தெரிந்தன.

அப்போது குழந்தை அழுதது.

அவனுக்கு முதலில் வந்தது சிரிப்பு. பிறகு கண்ணீர். பாலத்து முனையில் காரை ஓரங்கட்டினான். காருக்குள்ளேயே பிரசவம்! மாமி கெட்டிக்காரி. ஹபீலா ஒரு சத்தம்கூடப் போடவில்லையே. ரெண்டு உசிரும் தங்கிவிட்டன.

"அல்ஹம்துலில்லாஹ்! மாமி, ஆம்புளப் புள்ளயா, பொம்புளப் புள்ளயா?"

குழந்தை மட்டும் அழுதது. இப்போது எப்படியும் திரையைத் தொட முடியாது. பிள்ளை பெற்றவள் உள்ளே இருக்கிறாள். நஸீம் இறங்கி மழையில் நின்றான். உதவிக்கு யாரையாவது கூப்பிட வேண்டும்.

கலகெதரை பஸ் ஹோர்ன் அடித்துக்கொண்டு வந்து காருக்கு முன்னால் நின்றது. டிரைவர் கணபதி தலையை வெளியே நீட்டினான்.

"என்னங்க தம்பி, பொம்பளைங்கள நடு ரோட்டுல எறக்கி விட்டுட்டு நீங்க பாட்டுக்கு வந்துட்டீங்க? நல்லாவா இருக்கு?"

பஸ்ஸிலிருந்து மாமி இறங்கினார். தலை முதல் கால்வரை சேறு.

"நாங்க ஏறவே இல்ல, காரு போகுது! கத்திக் கத்தித் தொண்ட கிழிஞ்சிட்டு! நீங்க என்ன மனுசன்?"

நஸீம் காரைத் திரும்பிப் பார்த்தான்.

அவருக்குப் பின்னால், கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, ஹபீலா இறங்கினாள். யாரும் தாங்கவில்லை. இலேசாக இறங்கினாள்.

"கத்தாதீங்க மாமி," என்றாள். பிறகு அண்ணன் பக்கம் திரும்பினாள்; முகம் அமைதியாக இருந்தது. "நானா, காய்ச்சல் உட்டுட்டு. நோவும் நிண்டுட்டு. பஸ்ஸுல வரக்குள்ள, பொசுக்குண்டு."

பாலத்து விளக்கு அவள்மேல் விழுந்தது. நனைந்த சேலை உடம்போடு ஒட்டியிருந்தது. மார்பிலிருந்து முழங்கால்வரை, தட்டையாக.

அவள் பார்வை நஸீமைத் தாண்டிக் காருக்குப் போனது.

"அது யார்ட புள்ள நானா, அழுகிற?"

கேட்டுக்கொண்டே, பழக்கத்தில், இரண்டு கையையும் வயிற்றில் வைத்தாள். கைகள் அங்கேயே நின்றன. தேடின. மறுபடி தேடின.

காருக்குள் அழுகை நின்றது. பச்சைத் திரைக்குப் பின்னால், இடப்பக்க மூலையில், ஒரு சின்ன வாய் அவசரம் அவசரமாகப் பால் உறிஞ்சும் சத்தம் கேட்டது.