இல்லாத பட்டன்

"எங்க ஆஸ்பத்திரியில இப்போ முப்பத்தெட்டு கிலோவுல ஒரு பூனை இருக்கு... தெரியுமா உங்களுக்கு?"

கதவைத் தள்ளிக்கொண்டு மழையோடு மழையாக உள்ளே வந்தவன் பேசிய முதல் வாக்கியமே இதுதான். வணக்கம் இல்லை, வாசலில் கால் துடைப்பதுகூட இல்லை. தலைமுடியிலிருந்து சொட்டிய நீர் தரையில் குட்டையாகத் தேங்கிக்கொண்டிருந்தது.

அவள் கம்ப்யூட்டரிலிருந்து நிமிர்ந்தாள். நிமிர்ந்திருக்கவே கூடாது. கோபத்தில் சிவந்திருந்தன அந்தக் கண்கள்... ஆனாலும் அடியில் ஏதோ ஒரு மென்மை. இமை நுனியில் ஒரு மழைத்துளி விழுவதா வேண்டாமா என்று தயங்கிக்கொண்டிருந்தது.

சமாளித்துக்கொண்டாள். "முப்பத்தெட்டு கிலோவா? அப்போ அது புலியா இருக்கும் சார். நல்லாப் பார்த்தீங்களா?"

"அது பூனைதாங்க. முப்பத்தெட்டுங்கறது செல்சியஸ்ல அதோட ஜுர அளவு! உங்க புது ப்ரோக்ராம் அதைக் கொண்டுபோய் எடையில போட்டிருக்கு. எடையை வெச்சுத்தானே மருந்தோட அளவைக் கணக்குப் போடுது? ஊசியில ஏத்தும்போதே எனக்குச் சந்தேகம் வந்துடுச்சு... இல்லேன்னா என்ன ஆகியிருக்கும்?"

அவள் முகத்திலிருந்த குறும்பு சட்டென்று வடிந்துபோயிற்று.

அது அண்ணனும் தங்கையுமாக நடத்தும் கம்பெனி. மருந்துக்கடை, மரக்கடை, மருத்துவமனை என்று வந்தவர்களுக்கெல்லாம் பாஸ்கல் என்ற பழைய கம்ப்யூட்டர் மொழியில் ப்ரோக்ராம் எழுதிக் கொடுப்பார்கள். 'பாஸ்கலா? அது இன்னும் உயிரோடவா இருக்கு?' என்று கேட்பவர்களுக்கு அண்ணன் சளைக்காமல் பதில் சொல்வான்: "ஒரே ஒரு ஃபைல். காப்பி பண்ணுங்க, கிளிக் பண்ணுங்க, ஓடும். உங்க பேரப்பிள்ளை காலத்துலயும் ஓடும்."

கால்நடை மருத்துவமனைக்கான புது வெர்ஷன் முழுக்க முழுக்க அவளுடையது. அவள் தனியாகச் செய்த முதல் வேலை. "ஒரு மாசம் புகார் இல்லாம ஓடட்டும். அப்புறம் மத்தவங்களுக்கு எழுதற எல்லாமே உன் பொறுப்பு. இல்லேன்னா பழையபடி பில் போடற பக்கம் போயிடணும்" என்று அண்ணன் சொல்லியிருந்தான். அந்த மாதம் அப்போதுதான் பிறந்திருந்தது.

"எடைன்னு அவ்வளவு பெருசா எழுதியிருக்கேனே... நீங்க ஸ்க்ரீனைப் பார்க்கவே மாட்டீங்களா?" என்றாள் விட்டுக்கொடுக்காமல்.

"நான் ஏங்க ஸ்க்ரீனைப் பார்க்கணும்? நான் பூனையை இல்ல பார்ப்பேன்!"

அந்தப் பதில் அவளை என்னவோ செய்தது.

மறுநாள் மருத்துவமனைக்குப் போய் அவன் பக்கத்தில் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தாள். மேஜை மேல் நடுங்கிக்கொண்டு ஒரு நாய். அவன் இடது கை அதன் கழுத்தைத் தடவியது... வலது கை தானாகக் கீபோர்டில் ஓடியது. ஜுரம், என்டர். எடை, என்டர். வயது, என்டர். கண் மட்டும் நாயை விட்டு நகரவே இல்லை. "ஒண்ணுமில்லடா ராஜா... முடிஞ்சுது... அவ்வளவுதான்டா..." அந்தக் குரலுக்கு நாய் அடங்கியதோ இல்லையோ, ஸ்டூலில் இருந்தவள் அடங்கிப்போனாள்.

தவறு எங்கே என்று அவளுக்கு விளங்கிவிட்டது. புதுத் திரையை வடிவமைத்தபோது பார்க்க அழகாக இருக்கட்டும் என்று எடைக் கட்டத்தை மேலே வைத்து, ஜுரத்தைக் கீழே தள்ளியிருந்தாள். என்டர் தட்டினால் கர்சரும் அதே வரிசையில்தான் இறங்கியது. ஆனால் இவன் விரல்களுக்குப் பல வருடப் பழக்கம்... ஜுரம்தான் முதலில்! திரைக்குத்தான் அழகு பார்த்தாளே தவிர, அந்தக் கையைப் பார்க்கவில்லை.

"தப்பு என்னோடதுதான் டாக்டர்" என்றாள், அங்கிருந்த நர்ஸின் காதிலும் விழும்படியாக.

அவன் அவளை வியப்பாகப் பார்த்தான். "கம்ப்யூட்டர்காரங்க இப்படிச் சொல்லி நான் கேட்டதே இல்லைங்க."

அங்கேயே லேப்டாப்பைத் திறந்தாள். கட்டங்களை இடம் மாற்றி, கர்சர் போகும் வரிசையையும் அவன் கைக்கு ஏற்ப அமைத்தாள். நாய்க்கு ஊசி போட்டு முடிப்பதற்குள் புது ஃபைல் தயார். "அவ்வளவுதானா!" என்று அவன் வாய் பிளந்தபோது அவளுக்கு உள்ளூர ஒரே பெருமை.

அதோடு முடிந்திருக்க வேண்டும்... முடியவில்லை.

இரண்டு நாளில் போன். "தேதி தலைகீழா வருதுங்க." போய்ப் பார்த்தால் நேராக இருந்தது. அடுத்த வாரம், "எழுத்து பொடிசா இருக்கு." பெரிதாக்கிக் கொடுத்தாள். டீ வாங்கிக் கொடுத்தான். அதற்கடுத்து, "தேடும்போது சில சமயம் ஹேங் ஆகுதுங்க... எப்பன்னு சொல்லத் தெரியலை."

எப்போது என்று தெரியாத கோளாறைப்போல ப்ரோக்ராம் எழுதுகிறவர்களைப் படுத்துவது வேறில்லை. அவள் வரி வரியாகத் துருவினாள். தேடும் வேலையைத் தனியே பின்னணியில் ஓட விட்டாள். பட்டியல் பெரிதானால் திணறுமோ என்று ஆயிரக்கணக்கில் பொய் நாய்களையும் பொய்ப் பூனைகளையும் உருவாக்கி ஓட்டிப் பார்த்தாள். ஹேங் ஆகவே இல்லை. சோறு இறங்கவில்லை அவளுக்கு. தனக்கு இந்த வேலை வராதோ என்றுகூடத் தோன்ற ஆரம்பித்துவிட்டது.

"அந்த ஆஸ்பத்திரியிலிருந்து வாரா வாரம் புகார் வருதேம்மா. பழைய வெர்ஷனையே போட்டுடலாம்" என்றான் அண்ணன். திட்டாமல் சொன்னதுதான் அதிகம் வலித்தது.

"கடைசியா ஒரு தடவை போய்ப் பார்த்துட்டு வரேண்ணா..."

அன்று மருத்துவமனையில் கூட்டமே இல்லை. வெளியே தூறல். அவன் முகத்தில் அவளைக் கண்டதும் ஒரு வெளிச்சம். "வாங்க வாங்க! காலையிலகூட ஹேங் ஆச்சுங்க."

"எதை அழுத்தினப்போ?"

"வழக்கம்போலத்தான். அந்த 'தேடு' பட்டனை அழுத்தினேன்... அப்படியே நின்னுபோச்சு."

அவள் அவனையே பார்த்தாள்.

"போன தடவை வந்தப்பவே அந்தப் பட்டனை எடுத்துட்டேன் டாக்டர். இப்போ பேரை அடிக்க அடிக்கத் தானா வந்து நிக்கும். நீங்கதான் ஸ்க்ரீனையே பார்க்க மாட்டீங்களே... இல்லாத பட்டனை எப்படி அழுத்தினீங்க?"

அவன் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே! காது நுனிவரை சிவந்துவிட்டது. திருதிருவென்று விழித்தான்.

"அது வந்து... நீங்க வரணும்னா ஏதாவது ஒரு காரணம் வேணுமேன்னு..."

வேறொரு நாளாக இருந்தால் அவள் மனம் துள்ளியிருக்கும். இன்று கண்ணில் நீர் முட்டியது. "நான் சாப்பிடாம உட்கார்ந்து தேடினேன். என் வேலையை அண்ணன் என் கையிலேர்ந்து பிடுங்கப் போறார். என்னைப் பார்க்கணும்னா என் வேலையிலயா குறை சொல்லணும்?"

பதிலுக்குக் காத்திராமல் மழையில் இறங்கி நடந்தாள். அவன் மேல் கோபம்... அவன் கூப்பிட்டபோதெல்லாம் ஆசையாய்த் தலைவாரிக்கொண்டு கிளம்பிய தன் மேல் அதைவிடக் கோபம்.

மறுநாள் காலை அலுவலகக் கதவு திறந்தது. இந்தத் தடவை குடையோடு வந்தான், கால் துடைத்தான். அவள் பக்கம் திரும்பாமல் நேராக அண்ணன் மேஜைக்குப் போய் நின்றான்.

"சார், ஜுரமும் எடையும் மாறினது நிஜம். அதை மறுநாளே சரி பண்ணிட்டாங்க. அதுக்கப்புறம் நான் சொன்ன புகார் அத்தனையும் பொய். உங்க தங்கச்சியைப் பார்க்கணும்னுதான் சொன்னேன். அதனால அவங்க வேலைக்கே ஆபத்து வரும்னு எனக்கு உறைக்கலை. தப்பு என்னோடது."

அண்ணன் அவனை ஏற இறங்கப் பார்த்தான். பிறகு தங்கையைப் பார்த்தான். அவள் திரையை முறைத்துக்கொண்டிருந்தாள். திரையில் ஒன்றுமே இல்லை.

"பார்க்கணும்னா நேரா வந்து சொல்லியிருக்கலாமே டாக்டர்?"

"தைரியம் வரலை சார்."

"இப்ப மட்டும் எப்படி வந்தது?"

"நேத்து அவங்க அழுதாங்க..."

அண்ணன் எழுந்தான். "டீ வாங்கிட்டு வரேன். தெருக்கோடிக் கடையில கூட்டம் இருக்கும்... மெதுவாத்தான் வருவேன்." வாசலில் நின்று திரும்பினான். "நீ மத்தவங்களோடதையும் எழுத ஆரம்பிச்சுடும்மா. பழைய வெர்ஷன் பேச்சே இனிமே கிடையாது."

அண்ணன் போனதும் டாக்டர் அவள் மேஜைப் பக்கம் வந்தான்.

"இப்பவாவது நிஜத்தைச் சொல்லுங்க" என்றாள், முகத்தை நிமிர்த்தாமலே. "என் ப்ரோக்ராம் எப்படி இருக்கு?"

அவன் யோசித்தான். "அப்படி ஒண்ணு இருக்கறதே எனக்குத் தெரியலைங்க. கை பாட்டுக்குப் போகுது... நான் பாட்டுக்கு நாயைப் பார்த்துக்கிட்டிருக்கேன். ஒரு நாள்கூட அது என்னைக் கூப்பிட்டுத் தொந்தரவு பண்ணினதில்லை."

இதைவிடப் பெரிய பாராட்டு உலகத்தில் இருக்க முடியுமா? அவளுக்குத் தெரிந்து இல்லை. பிடித்து வைத்திருந்த கோபமெல்லாம் கரைந்துபோயிற்று.

"நாளைக்குச் சாயந்திரம் ஆஸ்பத்திரிக்கு வரேன்."

"எதுக்குங்க? நான்தான் கோளாறு எதுவும் இல்லைன்னு..."

"தெரியும்."

நிமிர்ந்தாள். அந்தக் கண்களை இந்தத் தடவை தயங்காமல் பார்த்தாள்.

"எனக்கு உங்களைப் பிடிச்சிருக்கு. அதுக்காகத்தான் வரேன்."