துரிசுப் பானை

தேவகனி வந்து நின்றபோது அவளுடைய காதிலிருந்து ரத்தம் வடிந்துகொண்டிருந்தது. கம்மலோடு சேர்த்து யாரோ பிடித்து இழுத்திருக்கிறார்கள். கம்பவுண்டர் கிளீட்டஸ் பஞ்சை எடுத்துக்கொண்டு ஓடிவந்தார். அவள் அவர் கையைத் தட்டிவிட்டு நேராக வள்ளிநாயகம் பிள்ளையிடம் போனாள்.

“அய்யா, எனக்க மாப்பிளய தூக்குல போடப் போறாவ. அவரு கொல்லல்ல.”

வள்ளிநாயகம் கோர்ட்டில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வுபெற்றவர். சிக்கலான வழக்கு என்றால் தக்கலை வட்டாரமே அவர் வாசலில்தான் வந்து நிற்கும். கிளீட்டஸும் வந்துவிடுவார், துப்புத் துலக்கும் வேலை என்றால் அந்த மனிதருக்குச் சோறு தண்ணி வேண்டாம்.

நடந்தது இதுதான். மேலக்காட்டுவிளையில் ஆறுமுகப்பெருமாள் பிள்ளையின் வீட்டு முற்றத்தில் ஒரு செங்கவருக்கை மாமரம். கொஞ்ச நாளாகப் பட்டை வெடித்துப் பிசின் வடிந்து, கொப்பு கொப்பாகப் பட்டுக்கொண்டு வந்தது. மரத்துக்கு வைத்தியம் பார்க்க தேவகனியின் கணவர் ராஜையனைக் கூப்பிட்டிருந்தார். நோய்ப்பட்ட பட்டையைச் செதுக்கிவிட்டு, துரிசு என்ற மயில்துத்தமும் சுண்ணாம்பும் கரைத்த மருந்தைக் காயத்தில் பூச வேண்டும். ராஜையன் பட்டையைச் செதுக்கினார், மண்பானையில் மருந்தைக் கரைத்தார், பிறகு புதுக்கடைச் சந்தைக்குக் கிளம்பிப் போனார். திரும்பி வந்தால் மரத்தடியில் ஆறுமுகப்பெருமாள் செத்துக் கிடக்கிறார், கழுத்து பாதிக்குமேல் வெட்டுப்பட்டு. அடுத்த வீட்டில் இருக்கும் அவருடைய தம்பி கணபதியப்பன்தான் மதிலுக்கு அந்தப்புறம் நின்று பார்த்துச் சத்தம் போட்டவர். கூடிய கூட்டம் ராஜையனைப் பிடித்தது. இடுப்பில் இருந்த வெட்டுகத்தியை உருவிப் பார்த்தால், அலகு சிவப்பாக இருந்தது. அப்புறம் யார் கேட்பார்கள்? விறகுக் கட்டையால் அடித்தே போலீசில் ஒப்படைத்தார்கள்.

“கத்தி செவந்திருந்தா பின்ன வேற என்ன அண்ணாச்சி?” என்றார் கிளீட்டஸ். சொன்ன பிறகுதான் தேவகனி பக்கத்தில் நிற்பது நினைவுக்கு வந்தது. தன் வாயைத் தானே சபித்துக்கொண்டார்.

வள்ளிநாயகம் அவரைக் கவனிக்கவில்லை. “பிடிக்கும்போ அவன் கையில வேற என்னம்மா இருந்து?”

“ஒரு ஓலப்பெட்டி சுண்ணாம்பு.”

“ஓய் கிளீட்டஸ், கொல செய்தவன் ரத்தக் கத்தியோட கடைக்குப் போயி சுண்ணாம்பு வாங்கி, அதே எடத்துக்குத் திரும்பி வருவானா? சட்டையப் போடும்.”

மரத்தடியில் ரத்தம் கறுத்துப்போய் ஈ மொய்த்துக் கிடந்தது. கிளீட்டஸ் மதிலோரமாக ஒதுங்கி நின்றார். பிணம் பார்த்துப் பழகிய கம்பவுண்டர்தான். ஆனாலும் மண்ணில் அவ்வளவு ரத்தத்தைப் பார்ப்பது வேறு. வள்ளிநாயகம் ரத்தத்தைத் தாண்டிப் போய் மரத்தைப் பார்த்தார். செதுக்கிய இடத்தில் ஒரேயொரு உள்ளங்கை அகலத்துக்கு மட்டும் நீல மருந்து அப்பியிருந்தது. நகத்தால் சுரண்டினார். உள்ளே ஒரு துளை. ஈர்க்குச்சியால் குத்திக் கிளறியதும் பாதரசம் மணி மணியாக உருண்டு விழுந்தது.

“மரத்தக் கொல்ல வச்சது,” என்றார் கிளீட்டஸ். இந்தத் தடவை சரியாகத்தான் சொன்னார்.

வள்ளிநாயகம் அண்ணாந்து பார்த்தார். பெரிய கொப்பு ஒன்று மதிலைத் தாண்டி, கணபதியப்பனின் புது வீட்டு ஓட்டின் மேல் படுத்திருந்தது.

இன்ஸ்பெக்டர் தாணுமாலயனைக் கூட்டிவரும்படி கிளீட்டஸிடம் சொன்னார். இரண்டு வீட்டாரும் தங்கள் கத்திகளோடு முற்றத்துக்கு வரவேண்டும் என்றும் சொல்லிவிட்டார்.

எல்லோரும் வந்ததும் வள்ளிநாயகம் அடுக்களையிலிருந்து ஒரு கத்தியை வாங்கி, ராஜையன் கரைத்துவைத்த பானைக்குள் முக்கினார். சற்றுப் பொறுத்து வெளியே எடுத்தார். அலகு செக்கச்செவேலென்று இருந்தது. கூட்டம் ஒரு எட்டுப் பின்வாங்கியது. இன்ஸ்பெக்டர் விரலால் தேய்த்துப் பார்த்தார். விரலில் ஒன்றும் ஒட்டவில்லை.

“துரிசில உள்ள செம்பு இரும்புல படியுது. மரத்துக்கு வைத்தியம் செய்யுதவன் மருந்தக் கரைச்சதும் கத்திய முக்கித்தான் பாப்பான். செவந்தா சுண்ணாம்பு பத்தாதுன்னு அர்த்தம். அப்படியே பூசினா மரம் பொசுங்கிப்போவும். ராஜையன் அதான் சுண்ணாம்பு வாங்கப் போனான்.”

“சரி, மரத்துல பூசியிருக்கே?” என்றார் இன்ஸ்பெக்டர்.

“அதத்தான் நானும் கேக்குதேன். ஆகாத மருந்த அவன் பூசமாட்டான். அவன் போன பொறவு பெரியவரு பிசினத் தொடச்சிருக்காரு, துளையப் பாத்திருக்காரு, மரத்துக்கு வெஷம் வச்சவனக் கூப்பிட்டுக் கேட்டிருக்காரு. வந்தவன் அவர வெட்டிட்டு, கத்திய இந்தப் பானையில கழுவி, துளைய மருந்தால அடச்சிருக்கான். கணபதியப்பன், கத்தியக் குடும்.”

கணபதியப்பனின் கத்தி பளபளவென்று இருந்தது. சாணை பிடித்து ஒரு நாள்கூட ஆகியிருக்காது. ஆனால் பிடியை ஒட்டி, கல் எட்டாத மூலையில், ஒரு சிவப்புக் கோடு மிச்சம் இருந்தது.

“மதிலுக்கு அந்தப்புறம் நின்னேன்னு சொன்னீரு. இந்தக் கத்தி மட்டும் இங்க வந்து பானையில முங்கிச்சா?”

கணபதியப்பன் அந்தக் கோட்டையே வெறித்துக்கொண்டு நின்றார். முகம் வெளிறிவிட்டது.

“மண்ணப் போட்டுத் தேச்சேன். சாம்பலப் போட்டுத் தேச்சேன். அண்ணனுக்க ரத்தம் போவவே இல்ல.”

“அது அண்ணன் ரத்தமில்ல வே. செம்பு,” என்றார் வள்ளிநாயகம்.

கணபதியப்பனுக்கு வெறி பிடித்துவிட்டது. கத்தியைப் பிடுங்கிக்கொண்டு வள்ளிநாயகத்தின் மேல் பாய்ந்தார். கிளீட்டஸ் யோசிக்கவே இல்லை. மதிலில் சாய்த்திருந்த மண்வெட்டியை எடுத்து, கத்தி பிடித்த கையில் ஓங்கி அடித்தார். எலும்பு முறிந்த சத்தம் முற்றம் முழுக்கக் கேட்டது. கணபதியப்பன் ரத்தம் காய்ந்த மண்ணிலேயே விழுந்து புரண்டார்.

முற்றத்தில் நின்ற தேவகனி அதற்குள் ஸ்டேஷனுக்கு ஓடிவிட்டாள். பின்னாலேயே போன கிளீட்டஸ் உள்ளே நுழையும்போது, இன்ஸ்பெக்டர் சொல்லியனுப்பியிருந்ததால் லாக்கப் கதவைத் திறந்துவிட்டிருந்தார்கள். ராஜையன் சுவரோரம் குறுகி உட்கார்ந்திருந்தார். முகம் வீங்கி அடையாளமே தெரியவில்லை.

“ஏட்டி, அடி தாங்கல்ல. நாந்தான் வெட்டினேன்னு இப்பந்தான் ஒத்துக்கிட்டேன்.”

“ஒத்துக்கிட்டா ஒத்துக்கிட்டுப் போவும். கொன்னவனப் பிடிச்சாச்சு. எந்திரியும், வீட்டுக்குப் போவோம்.”

ராஜையன் திறந்துகிடந்த கதவைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். அசையவில்லை.

“எந்திரிச்சா அடிப்பாவ,” என்றார்.