ஒரே கடல் மீன்

போட்ட தீனி மெல்ல இறங்கி மணலில் படிந்தது. ஒரு மீன்கூட அதன் பக்கம் வரவில்லை. கண்ணாடித் தொட்டியின் இடது மூலையில், பெரிய பாறைக்கு முன்னால், எல்லாம் ஒன்றாகக் கூடி, ஒரே பக்கம் தலையை வைத்து, வாலை மட்டும் லேசாக அசைத்துக்கொண்டு நின்றன. நோயாளியின் கட்டிலைச் சுற்றி உறவுக்காரர்கள் நிற்பார்களே, அப்படி. நடராஜா கண்ணாடியை விரலால் தட்டிப் பார்த்தார். ஒன்றும் திரும்பவில்லை.

"பசியில்ல போல" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். மீனைப் பற்றி அவருக்கு என்ன தெரியும்? மார்க்கெட்டில் செவுளைத் தூக்கிப் பார்த்து, விலையைக் குறைக்கச் சொல்லிக் கடைக்காரனின் உயிரை வாங்கத் தெரியும், அவ்வளவுதான். அப்பேர்ப்பட்ட மனிதர் இப்போது, குழம்புக்கு ஆகாத சுண்டுவிரல் நீள மீனுக்கு ராவாங் ஊர் அலங்கார மீன் கடையில் கேட்ட விலையைக் கொடுத்துவிட்டுப் பேசாமல் வருகிறார். எல்லாம் புனிதனுக்காக. புனிதன் அவருடைய ஒரே மகன். அவன் செத்து இரண்டு மாதம் ஆகப்போகிறது.

தொட்டி அவனுடையது. தொழிற்சாலைச் சம்பளத்தில் மிச்சம் பிடித்து வாங்கி, ஹாலில் டிவி இருந்த இடத்தில் அதை வைத்து, மணலைப் பரப்பி, பாறைகளை அடுக்கி, பம்பையும் விளக்கையும் மாட்டி, இனித் தண்ணீர் ஊற்ற வேண்டியதுதான் பாக்கி என்றிருந்தபோது, ஈஜோக் சாலையில் ஒரு லோரிக்கு அடியில் போய்விட்டான். சாகும்வரை வீட்டில் மீன் பேச்சுதான்.

"எல்லாம் சுலாவேசி கடல் மீனா இருக்கணும்பா. கண்ட கடல் மீனையும் கலந்து போட்டா ஒண்ணுக்கொண்ணு அடையாளம் தெரியாம மெரண்டே செத்துரும். ஒரே எடத்து மீனா இருந்தா, கண்ணாடிக்குள்ள இருந்தாலும் சொந்த வீட்டுல இருக்குற மாதிரி இருக்கும்."

"மொதல்ல நீ வீட்டுல இருக்கப் பாரு லா" என்பாள் அவன் அம்மா அமராவதி, தட்டில் இன்னொரு கரண்டி சோறு வைத்துக்கொண்டே. "பைக்க எடுத்துக்கிட்டுச் சுத்துறதுதான் உனக்கு வேல."

அந்தப் பேச்சு நடராஜாவுக்கு இப்போதும் காதில் கேட்டது. அதனால்தான் மகன் ஆசைப்பட்டபடியே எல்லாம் நடக்க வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தார். கடையில் அமராவதிக்கு ஒரு மஞ்சள் மீன் பிடித்திருந்தது. எலுமிச்சம்பழத்துக்குத் துடுப்பு முளைத்த மாதிரி அழகான மீன். "அது ஹவாய் பக்கம் ஆன்டி" என்றான் கடைக்காரன் சுகுமாறன். "அப்ப வேணாம்" என்று அவளே ஒதுக்கிவிட்டாள். வெள்ளி உடம்பில் கறுப்புப் பட்டை போட்ட கார்டினல், ஆரஞ்சு நிறக் கிளவுன், கோலம் போட்டது போன்ற மாண்டரின் என்று ஒவ்வொன்றையும் காட்டி, எந்தக் கடல், எந்தக் கடல் என்று கேட்டுக் கேட்டுத்தான் வாங்கினார்கள். கல்யாணத்துக்குப் பெண் பார்ப்பதுபோல விசாரிக்கிறார்களே என்று சுகுமாறன் சிரித்தான். இவர்களும் சிரித்தார்கள். மகன் போன பிறகு அவர்கள் சிரித்தது அன்றைக்குத்தான்.

சுலாவேசி மீன்களாகத் தேடித் தேடி வாங்கிய நடராஜா, தண்ணீரை மட்டும் வேறிடத்தில் எடுத்திருந்தார்.

கடலோரத்தில் சுங்கை செம்பிலாங் படகோட்டி ஒருவரிடம் புனிதன் ஏற்கெனவே சொல்லிவைத்திருந்தான். கரையோரச் சேறு தாண்டி, நீர் தெளிந்த இடத்துக்குப் போகும்போது, நீலப் பீப்பாய்களில் கடல் தண்ணீர் நிரப்பிக் கொடுப்பது அவர் வேலை. மகனின் சாம்பலைக் கரைக்க நடராஜாவுக்குக் கிடைத்ததும் அதே படகு, அதே மனிதர். சாம்பலைத் தண்ணீரில் விட்டதும் திரும்பிப் பார்க்கக் கூடாது, அங்கிருந்து ஒரு துரும்பும் வீட்டுக்கு வரக் கூடாது என்று காரியம் செய்த பண்டாரம் கரையிலேயே சொல்லி அனுப்பியிருந்தார். நடராஜா திரும்பிப் பார்க்கவில்லை. ஆனால் படகோட்டி, தெளிந்த இடம் வரை வந்துவிட்டோமே, உங்கள் மகனின் பீப்பாய்களை நிரப்பிக்கொள்ளட்டுமா என்று மலாயில் தயங்கித் தயங்கிக் கேட்டார். நடராஜா சரியென்று தலையை ஆட்டிவிட்டார். பெற்ற பிள்ளையைக் கடலில் கொட்டிவிட்டு, கையை வீசிக்கொண்டு வீடு திரும்ப அவருக்கு மனசு வரவில்லை. பீப்பாய்த் தண்ணீரில் செவ்வந்தி இதழ்கள் மிதந்தன. அவற்றை மட்டும் கையால் எடுத்துப் போட்டார்.

புக்கிட் பெருந்துங்கில் அவர்கள் வீடு இருந்த வரிசையில் பாதி வீடுகள் காலி. ஜன்னல் உயரத்துக்குப் புல் வளர்ந்து, கதவில்லாத வாசல்களுக்குள் இருட்டு உட்கார்ந்திருக்கும். மாலையில் தொழிற்சாலை ஆட்களை இறக்கிவிட்டு, வேனை நிறுத்திவிட்டு நடராஜா உள்ளே வரும்போது தொட்டியின் வெள்ளை விளக்கு அணைந்து நீல விளக்கு எரியத் தொடங்கியிருக்கும். சுவர், சோபா, மாலை போட்ட புனிதனின் படம் எல்லாம் நீரில் மூழ்கியதுபோல நீலமாகி, பம்பின் ரீங்காரம் தரை வழியாகக் காலில் ஏறும். அந்த ரீங்காரத்துக்கு நடுவே விட்டு விட்டு, நெட்டி முறிப்பது போன்ற ஒரு மெல்லிய சத்தம் அவருக்குக் கேட்கத் தொடங்கியது. வாடையும் மாறியிருந்தது. கடல் வாடைக்கு அடியில், மழையில் நனைந்த கரிக்கட்டையின் வாடை.

மீன்கள் கூடிநின்ற அந்தப் பாறையில் வெள்ளையாக ஏதோ முளைத்திருந்தது. முதலில் சுண்ணாம்புத் தீற்றல் மாதிரி. பிறகு விரல் தடிமனுக்குக் குச்சிகள். அவை பக்கத்துக்குச் சில என்று வளைந்து, ஒன்றையொன்று தொடப் போவதுபோல முன்னால் நீண்டன. நடராஜா கைப்பேசியில் படமெடுத்துக்கொண்டு ராவாங்குக்குப் போனார்.

சுகுமாறன் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தான். "பவளம் எங்க வாங்கினீங்க அங்கிள்? எங்கிட்ட வாங்கலியே."

"யார்கிட்டயும் வாங்கல. தானா வருது."

"தானா எப்படி வரும்? அப்படியே வந்தாலும் இவ்ளோ பெருசாக வருஷக்கணக்கா ஆகுமே. பவளம்னா சும்மா இல்ல அங்கிள், தண்ணியில இருக்குற சுண்ணாம்ப எடுத்துத்தான் அது ஒடம்பு கட்டும். நீங்க தண்ணியில என்ன கலக்குறீங்க?"

நடராஜா கைப்பேசியை வாங்கிக்கொண்டு வேனுக்கு வந்தார். அன்று படகில் கலசத்தைச் சாய்த்தபோது சாம்பல் மட்டும் விழவில்லை. வேகாத எலும்புத் துண்டுகளும் விழுந்தன. எலும்பென்றால் சுண்ணாம்புதானே?

வீட்டுக்கு வந்தபோது அமராவதி தொட்டிக்கு முன்னால் தரையில் உட்கார்ந்திருந்தாள். சமைக்கவில்லை. தலை வாரவில்லை. ஆனால் முகத்தில் இரண்டு மாதமாக இல்லாத ஒரு தெளிவு. அதைப் பார்த்துத்தான் அவருக்கு முதலில் பயம் வந்தது.

"இங்க வாங்களேன்" என்றாள். "இதப் பாருங்க."

வளைந்த குச்சிகளுக்கு மேலே, பாறையின் குழிவில், வெள்ளைப் பருக்கைகள் வரிசையாக முளைத்திருந்தன. முன்னால் இருந்த ஒன்று மட்டும் சாய்ந்து, பக்கத்திலிருந்ததன் மேல் ஏறியிருந்தது.

"கம்பி போட்டுச் சரிபண்ணிக்கலாம்டான்னு எத்தன தடவ சொன்னேன்" என்றாள் அமராவதி. கண்ணீர் வழிந்தது. வாய் சிரித்தது. "கேட்டானா? பெத்தவளுக்குத் தெரியாதா, இது அவன் பல்லுங்க."

நடராஜா பின்னுக்கு நகர்ந்தார். சோபா காலில் இடித்தது. இப்போது குச்சிகள் குச்சிகளாகத் தெரியவில்லை. விலா. இந்தப் பக்கம் விலா, அந்தப் பக்கம் விலா. கார்டினல் மீன் ஒன்று அதன் நடுவே நுழைந்து, வெளியே வந்து, மறுபடி நுழைந்தது.

"நாளைக்கு விடியக்காலையில இந்தத் தண்ணி, கல்லு எல்லாத்தையும் கொண்டுபோய் அங்கயே விட்டுர்றேன்" என்றார். குரல் அவருடையது மாதிரியே இல்லை. "நான் எடுத்துட்டு வந்திருக்கக் கூடாது, அமரா. போக வேண்டியவன நிறுத்தி வச்சிட்டேன்."

அவள் எழுந்தாள். கோபப்படவில்லை. அழவில்லை. தொட்டிக்கும் அவருக்கும் நடுவில் வந்து நின்றாள்.

"ஒரு தடவ அவனத் தண்ணியில விட்டுட்டு வந்தீங்க. சரி. இன்னொரு தடவ உங்களால முடியுமாங்க?"

முடியும் என்று சொல்லத்தான் நினைத்தார்.  பாவம், என்ன செய்வார்? விட்டால் மகன் இரண்டாம் முறை சாவான். விடாவிட்டால், இதோ, இப்படி. எது பாவம், எது பாசம் என்று அந்த மனிதருக்குத் தெரியவில்லை. ஆனாலும் பீப்பாய்களைக் கழுவி வாசலில் கவிழ்த்து வைத்தார். படகோட்டிக்குப் போன் செய்து சொல்லிவிட்டார்.

அன்று அந்தியில் மழை பிடித்தது. வரிசை வீடுகளின் துத்தநாகக் கூரைகள் அதிர்ந்தன. காலி வீடு ஒன்றில் ஏதோ கதவு அடித்துக்கொண்டே இருந்தது. ஒரு இடி. நீல வெளிச்சம் போனது. பம்பின் ரீங்காரம் இழுத்து, தேய்ந்து, நின்றது.

கரண்டு இல்லை.

வீட்டில் அவ்வளவு அமைதியை அவர்கள் கேட்டதே இல்லை. சற்று நேரம் கழித்து அந்த அமைதிக்குள் ஒரு சத்தம். சப். சப். சப்.

"என்னங்க அது?"

நடராஜா கைப்பேசி விளக்கைப் போட்டார். பம்பு நின்றதால் தண்ணீரில் காற்றில்லை. மீன்களெல்லாம் மேலே வந்து, வாயை நீர்மட்டத்துக்கு வெளியே நீட்டித் திணறிக்கொண்டிருந்தன. சின்னச் சின்ன வாய்கள். மூடித் திறந்தன. மூடித் திறந்தன.

அவற்றுக்கு நடுவே ஒரு பெரிய வாய்.

அதுவும் திறந்தது. மூடியது. நிறமில்லாத உதடுகள். காற்றைக் கவ்வ முடியாமல் தண்ணீரை விழுங்கியது. மறுபடி மேலே வந்தது. லோரிக்கு அடியில் கிடந்தபோது மகனுக்கு இப்படித்தான் மூச்சுத் திணறியிருக்குமோ என்று இரண்டு மாதமாக அவர் யாரிடமும் கேட்காமல் வைத்திருந்த கேள்விக்கு அங்கே பதில் இருந்தது.

"புள்ள மூச்சுக்குத் தவிக்குதுங்க!" அமராவதி அலறினாள். "ஏதாவது பண்ணுங்களேன்!"

இப்படியே விட்டுவிட்டால் போதும். எதுவும் செய்ய வேண்டாம். கடலுக்குப் போக வேண்டாம். சும்மா நின்றால் போதும், கொஞ்ச நேரத்தில் எல்லாம் அடங்கிவிடும்.

அது அவருக்குத் தெரியும். நன்றாகவே தெரியும்.

சட்டைக் கையை மடக்கக்கூட இல்லை. கையைத் தோள்வரை தொட்டிக்குள் விட்டு, கலக்கினார். அடித்தார். நுரை எழும்பட்டும், காற்று இறங்கட்டும் என்று பைத்தியம் பிடித்தவர்போலக் கலக்கினார். தண்ணீர் தரையெங்கும் சிதறியது. வாய் மெல்ல மூடியது. கீழே இறங்கியது.

பிறகு, அடியில் எங்கேயோ, அவர் விரல்களை வேறு விரல்கள் பிடித்தன.

குளிர்ச்சி. சொரசொரப்பு. ஆனால் அந்தப் பிடி அவருக்குத் தெரிந்த பிடி. மகன் நடக்கப் பழகிய வயதில் பிடித்த பிடி.

கரண்டு எப்போது வந்ததென்று இருவரும் கவனிக்கவில்லை. நீல வெளிச்சம் திரும்பியது. பம்பு ஓடியது. மீன்கள் கீழே போய்விட்டன. மழை விட்டு, சொட்டும் சத்தம் மட்டும் கேட்டது.

"போதுங்க" என்றாள் அமராவதி, அவர் முதுகைத் தடவிக்கொண்டே. "காத்து வந்துருச்சு. கைய எடுங்க."

"விட மாட்டேங்கறான், அமரா."

அவள் குனிந்து கண்ணாடி வழியாகப் பார்த்தாள். அவர் புறங்கையில், விரல் முட்டிகளில், மணிக்கட்டைச் சுற்றி, அரிசி நொய் போல வெள்ளை வெள்ளையாக ஏதோ பிடிக்கத் தொடங்கியிருந்தது. அவள் பார்க்கப் பார்க்க அது முழங்கையை நோக்கி ஏறியது. அவர் கையை இழுக்கவில்லை.  அவள் வளையல்களைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டு, தன் கையையும் தண்ணீருக்குள் விட்டாள்.