வண்டி ஆறும் வரை

வண்டியை வாங்க வருகிறவர் ஒரு பல் டாக்டர். காலையிலேயே வருவதாகச் சொன்ன மனிதர் மதியச் சாப்பாட்டு நேரத்துக்குத்தான் வந்து சேர்ந்தார். வாசலில் அவர் தலையைப் பார்த்ததும் எனக்கு அழுகையே வந்துவிட்டது. வந்தாரே, அது போதும்.

அந்த வண்டி அன்றைக்கே வீட்டைவிட்டுப் போயாக வேண்டும். இல்லையென்றால் என் தங்கச்சி பிழைக்க மாட்டாள்.

ஜப்பானிலிருந்து கப்பலில் வந்த செடான் கார் அது. வெளியே பார்த்தால் பிள்ளைகளைப் பள்ளியில் விடப் போகிற வண்டி மாதிரி சாதுவாக இருக்கும். உள்ளே தங்கச்சி வீட்டுக்காரர் எதையும் விட்டுவைக்கவில்லை. எஞ்சினுக்கு வேகம் கூட்டுகிற பெரிய டர்போ, அகலமான சைலன்சர், தரையை உரசும்படி தாழ்த்திய உடம்பு. விரட்டி ஓட்டிவிட்டு வந்தால் டர்போ தணலாகச் சிவந்திருக்குமாம். உடனே எஞ்சினை அணைத்தால் கெட்டுவிடுமாம். அதனால் ஷெட்டுக்குள் நிறுத்தி, எஞ்சினை ஓடவிட்டு, சீட்டைவிட்டு அசையாமல் உட்கார்ந்திருப்பார். சாப்பிடக் கூப்பிட்டால், "வண்டி ஆறட்டும், வரேன்" என்பார். வண்டிக்கு இருந்த மரியாதை சோற்றுக்கு இல்லை.

அப்படி உட்கார்ந்திருந்தபோதுதான் அவருக்கு நெஞ்சு நின்றுபோனது. நாங்கள் கதவைத் திறந்தபோதும் எஞ்சின் ஓடிக்கொண்டுதான் இருந்தது. பாவி மனுஷன்.

காரியமெல்லாம் முடிந்த பிறகு தங்கச்சி அந்த வண்டிக்குள் போய் உட்கார ஆரம்பித்தாள். ஷெட் ஷட்டரை உள்ளேயிருந்து இறக்கிவிடுவாள். எஞ்சின் சத்தம் கேட்டு ஓடிப்போய்ப் புகைக்குள்ளிருந்து அவளை இழுத்துப் போடுவேன். ஒருநாள் ஆத்திரத்தில் கன்னத்தில் அறைந்தேன்.

"சாவி உன்கிட்டதானே இருக்கு அக்கா," என்றாள் மெதுவாக. "நான் எப்படி ஸ்டார்ட் பண்ணுவேன்? அவர்தான் பண்றார்."

சாவி என் இடுப்பில்தான் இருந்தது.

விற்கிற அன்று காலை மெக்கானிக்கைக் கூப்பிட்டு ஒரு பிடி பிடித்தேன். சாவியை எடுத்த பிறகும் எஞ்சினைச் சற்று நேரம் ஓடவைக்கிற டைமர் ஒன்று அதில் இருக்கிறதாம்; அவர்தான் அதை நம்பாமல் கூடவே உட்கார்ந்திருப்பாராம்.

"அதுதான் கோளாறா இருக்கும்க்கா," என்றான்.

"அப்போ அந்தச் சனியனைக் கழட்டி என் கையில குடு."

கழற்றிக் கொடுத்தான். தீப்பெட்டி அளவுதான் இருந்தது. கைப்பைக்குள் போட்டுக்கொண்டேன்.

பல் டாக்டர் ஒரு சுற்று ஓட்டிப் பார்த்துவிட்டு வாயெல்லாம் பல்லாக ஷெட்டுக்குள் வந்து நிறுத்தினார். இறங்கினார். சாவியை என் கையில் வைத்தார்.

எஞ்சின் நிற்கவில்லை.

"அட, டைமர் போட்டிருக்கீங்களா? பலே!"

பக்கத்தில் நின்ற மெக்கானிக் என்னைப் பார்த்தான். அவன் முகத்தில் ஈயாடவில்லை. கைப்பைக்குள் விரலைவிட்டேன். டைமர் அங்கேதான் இருந்தது.

"ஆமா டாக்டர், இருக்கு," என்றேன். வேறென்ன சொல்ல? உண்மையைச் சொல்லி வந்த ஆளை விரட்ட எனக்கென்ன பைத்தியமா?

கருகிய எண்ணெய் வாடை தொண்டையைப் பிடித்தது. டிரைவர் சீட்டைப் பார்த்தேன். யாருமில்லை.

சீட் மட்டும் அமுங்கியிருந்தது.

சட்டென்று எஞ்சின் நின்றது. ஆள் இறங்கினால் வண்டி லேசாக மேலே எழும்புமே, அப்படி எழும்பியது.

பின்னால் வந்து நின்ற தங்கச்சி என் காதோரம் கிசுகிசுத்தாள். "வண்டி ஆறிடுச்சு அக்கா. இறங்கிட்டார்."

அந்தப் பேச்சை நான் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. பல் டாக்டர் பணத்தைக் கொடுத்துவிட்டு எடுத்துப்போன வண்டி தெருமுனை திரும்பி மறைகிறவரை பார்த்துக்கொண்டு நின்றேன். அப்பாடா என்றிருந்தது. தங்கச்சி அன்று தட்டில் வைத்ததை மிச்சமில்லாமல் சாப்பிட்டாள். அந்த நிம்மதியில் நான் கூடத்திலேயே கண்ணயர்ந்துவிட்டேன்.

எழுந்தபோது வெயில் இன்னும் இறங்கவில்லை. அவளைக் காணவில்லை.

ஷெட் ஷட்டர் மூடியிருந்தது.

உள்ளே ஓர் எஞ்சின் உறுமிக்கொண்டிருந்தது.

ஷட்டரை எப்படித் தூக்கினேனோ தெரியாது. தூக்கியதும் சத்தம் நின்றுவிட்டது. ஷெட் காலியாக இருந்தது. வெறும் தரையில் தங்கச்சி ஒருக்களித்துக் கிடந்தாள். உதடு இரண்டும் சாயம் பூசியதுபோல் சிவந்திருந்தன. அவளுக்குச் சாயம் பூசும் பழக்கமே கிடையாது.

"மூடின இடத்துல வண்டியை ஓடவிட்டிருக்கீங்க," என்றார் ஆஸ்பத்திரி டாக்டர். "ரத்தத்துல அந்தப் புகைதான் இருக்கு, உதடு சிவந்ததும் அதனாலதான். என்ன வண்டி?"

"வண்டி இல்லைங்க. வித்தாச்சுங்க."

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

"பிழைச்சிடுவாளா டாக்டர்?"

"ஆக்சிஜன் போயிட்டிருக்கு. நீங்க சீக்கிரம் கொண்டு வந்துட்டீங்க. இனிமே புகை உள்ளே போகாம இருந்தாச் சரி."

அவர் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். கட்டிலருகே போனால், நர்ஸ் தங்கச்சியின் முகத்திலிருந்த மாஸ்க்கைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். உள்பக்கம் கன்னங்கரேலென்று கரி அப்பியிருந்தது.

"இதை இப்பதானே மாத்தினேன்?" என்றாள், என்னிடமில்லை, தனக்குத்தானே.

உறையைக் கிழித்துப் புது மாஸ்க் எடுத்து மாட்டினாள். கண்ணாடி மாதிரி இருந்தது. குனிந்து தங்கச்சியின் முகத்தையே பார்த்தேன். மூச்சை இழுத்தாள். விட்டாள்.

மாஸ்க்கின் உள்பக்கம் மறுபடியும் கறுத்தது.

ஐயோ, இனி நான் எதை விற்பேன்?